நெல்லிக்கனி யார் கைக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன், மூலக்குளம்)

யயாதி மன்னனின் கதை நாம் அறியாததன்று. சாபத்தினால் காலம் வருமுன்னே கிழவனாகிப்போன அவ்வரசன், தன் மைந்தர் ஐவரையும் அழைத்து, தன் முதுமையை ஏற்றுக்கொண்டு இளமையைத் தரும்படி கேட்டான். நால்வர் மறுத்தனர். கடைக்குட்டியான பூரு ஒருவனே இசைந்தான். தகப்பன் இளைஞனானான், பிள்ளை கிழவனானான். இது வடபுலத்துக் கதை. நம் தமிழகத்துக் கதையோ வேறு. உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று தகடூர் அதியமானின் கைக்குக் கிடைத்தது. அவன் அதைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். ஒருவன் இளமையை வாங்கினான். மற்றொருவன் ஆயுளைக் கொடுத்தான்.

முதுமையை வெல்ல வேண்டும் என்ற ஆசை மனித குலத்தைப் போலவே பழையது. சித்தர்கள் காயகற்பம் தேடியதும் அந்த ஆசையினால்தான். இன்று அதே ஆசை மலையையும் காட்டையும் விட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் புகுந்திருக்கிறது. கிழட்டு எலி துள்ளி ஓடுகிறது என்றும், மூத்த குரங்கின் மூளை தெளிகிறது என்றும் செய்திகள் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் காரணமாகச் சொல்லப்படுவது ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்தணு. இச்செய்திகளில் மெய் எவ்வளவு, அந்த மெய்யை வைத்துச் சிலர் நடத்தும் வாணிகம் எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்ப்பது விலங்கியல் படிக்கும் நம்முடைய கடமை என்று நான் கருதுகிறேன். ஆராய்ச்சி வளர வேண்டும். முடியாத ஆராய்ச்சியை விற்பது நிற்க வேண்டும். முடிந்தபின் அதன் பயன் ஏழைக் கிழவனுக்கும் எட்ட வேண்டும். இம்மூன்றுமே இக்கட்டுரையின் வாதம்.

குருத்தணு என்பது யாது?

வில்லியனூர்ச் சாலையின் இருபுறத்திலும் தென்னையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தென்னையின் மட்டைகள் காய்ந்து விழுந்துகொண்டே இருக்கும். உச்சியிலிருக்கும் குருத்திலிருந்து புது மட்டை வந்துகொண்டே இருக்கும். காண்டாமிருக வண்டு குடைந்து குருத்து அழுகிவிட்டால், அடிமரம் எவ்வளவு பருத்திருந்தும் பயனில்லை. மரம் மொட்டையாகி மடிகிறது. நம் உடம்பிலும் அவ்வாறே. தோலும் இரத்தமும் குடலின் உட்சுவரும் நாள்தோறும் தேய்கின்றன. தேய்ந்த இடத்தை நிரப்பப் புதிய உயிரணுக்களைப் பெற்றுத் தருபவை குருத்தணுக்கள். தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வதும், வேறு தொழில் செய்யும் உயிரணுவாக மாறுவதும் ஆகிய இரண்டு திறமும் ஒருங்கே உடையது குருத்தணு.

இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர்கள் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பணியாற்றிய ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கலக் என்னும் இருவர். 1961ஆம் ஆண்டு அவர்கள் எலிகளின் மீது கதிர்வீச்சைச் செலுத்தி எலும்பு மச்சையை அழித்தனர். பிறகு வேறு எலியின் மச்சையிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஊசி மூலம் செலுத்தினர். ஏறத்தாழ பத்து நாட்களில் அவ்வெலிகளின் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் இரத்த உயிரணுக்களின் ஒரு குடியிருப்பு. பதினாயிரம் மச்சை உயிரணுக்களைச் செலுத்தினால் ஒரு முடிச்சு தோன்றும் என்ற அளவில்தான் கணக்கு இருந்தது. எனவே அப்பெருங்கூட்டத்தில் குருத்தணு மிக அரிதாகவே உள்ளது என்பது புலனாயிற்று. அதே 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் தசைநாரை மின்னணு நுண்ணோக்கியில் நோக்கி, நாரின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் துணையணுவைக் கண்டார். தசை காயம்பட்டால் விழித்தெழுந்து அதைச் செப்பனிடுவது அவ்வணுவே என்று பின்னர்த் தெரியவந்தது.

நாம் செய்முறை வகுப்பில் காணும் ஹைட்ராவை எண்ணிப் பாருங்கள். நீர்க்கொடியில் நூல்போல் தொங்கும் அவ்வுயிரின் உடல் பெரும்பாலும் குருத்தணுக்களால் ஆனது. டேனியல் மார்ட்டினெஸ் என்பவர் ஹைட்ராக்களை நான்கு ஆண்டுகள் வளர்த்து, அவற்றின் இறப்பு வயதோடு கூடவில்லை என்று 1998இல் எழுதினார். குருத்து ஓயாத உடலுக்கு மூப்பும் வருவதில்லை என்று இதைக் கொண்டு நினைக்கத் தோன்றுகிறது. நமக்கோ வயது ஏற ஏறக் குருத்தணுக்கள் குறைகின்றன, சோர்கின்றன, சில தவறான வழியில் போகின்றன. புண் ஆறத் தாமதமாவதற்கும் தசை வற்றுவதற்கும் இது ஒரு காரணம். ஒரு காரணம் என்று சொல்வதில் நான் கவனமாக இருக்கிறேன். முதுமைக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது.

எலிகள் தந்த செய்தி

யயாதியின் கதையை விஞ்ஞானிகள் மெய்யாகவே செய்து பார்த்தனர் என்றால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு கிழட்டு எலியையும் ஓர் இளம் எலியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தனர். இரண்டின் இரத்தமும் கலந்து ஓடியது. சில வாரங்கள் கழிந்தபின் கிழட்டு எலியின் தசையில் காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, அதன் துணையணுக்கள் இளமையில் இருந்ததைப் போல் வேலை செய்தன. 2005இல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்த ஆய்வு ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லிற்று. கிழட்டுக் குருத்தணு செத்துப்போகவில்லை. சூழ்நிலை சரியில்லாமல் உறங்கிக்கிடந்தது. ஆனால் பூருவுக்கு என்ன நேர்ந்தது? 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், கிழட்டு எலியோடு பிணைக்கப்பட்ட இளம் எலியின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பது குறைந்தது. புராணத்தில் வருவது போலவே, ஒருவர் பெற்ற இளமைக்கு இன்னொருவர் விலை கொடுத்தார்.

2012இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், விரைவில் மூப்படைந்து சாகும் நோய் கொண்ட எலிகளுக்கு, இளம் எலியின் தசையிலிருந்து எடுத்த குருத்தணுக்களை வயிற்றில் செலுத்தினர். அவ்வெலிகள் இயல்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக வாழ்ந்தன. செலுத்திய அணுக்கள் எல்லா உறுப்புகளிலும் போய்க் குடியேறியதாகத் தெரியவில்லை. அவை சுரந்த பொருள்களே தொலைவிலிருந்த திசுக்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். 2017இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள குருத்தணுக்களை அழித்தபோது எலிகள் விரைவாகக் கிழடு தட்டின. புதிய குருத்தணுக்களை அங்கே வைத்தபோது மூப்பு மெதுவாயிற்று.

வேறொரு பாதையும் திறந்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல், நான்கே நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் சாதாரண உயிரணுவைக் குருத்தணுவாக மாற்றிக் காட்டினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயிரணுவை முற்றிலும் பின்னோக்கி ஓட்டாமல், சிறிது மட்டும் ஓட்டினால் என்ன என்று கேட்டனர் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த மரபணுக்களைத் தூண்டி, ஐந்து நாள் ஓய்வு கொடுத்தனர். சுமார் 18 வாரத்தில் சாக வேண்டிய நோயுற்ற எலிகள் சுமார் 24 வாரம் வாழ்ந்தன. இது 2016ஆம் ஆண்டுச் செய்தி. இதற்கு மூன்றாண்டு முன்னதாக, 2013இல், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் அதே மரபணுக்களை எலியின் உடலில் அளவின்றித் தூண்டியபோது பல உறுப்புகளில் கட்டிகள் தோன்றின. மருந்தாகக்கூடியதும் நஞ்சாகக்கூடியதும் ஒன்றே, அளவுதான் வேறுபாடு.

இவ்வரிசையில் அண்மையில் பெரிதாகப் பேசப்பட்டது 2025இல் ‘செல்’ என்னும் இதழில் சீன விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு. மூப்பைத் தாங்கும்படி மரபணு மாற்றம் செய்த மனிதக் குருத்தணுக்களை, வயது முதிர்ந்த குரங்குகளின் இரத்தத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக 44 வாரங்கள் செலுத்தினர். நினைவாற்றல் மேம்பட்டது, எலும்புத் தேய்மானம் குறைந்தது, பல திசுக்களில் மூப்பின் அடையாளங்கள் தணிந்தன, அந்தக் காலத்துக்குள் கட்டி எதுவும் தோன்றவில்லை என்று எழுதினர். எலியைவிடக் குரங்கு நமக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைப் பரிணாமப் பாடம் படித்த நம்மவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எலி வேறு, மனிதன் வேறு

மேற்கூறியவை யாவும் உண்மையான ஆராய்ச்சிகள். ஆயினும் அவற்றைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நாம் மறத்தலாகாது.

முதலாவது, பல ஆய்வுகளில் பயன்பட்டவை இயல்பாக முதிர்ந்த எலிகள் அல்ல. மரபணுக் குறையால் விரைந்து முதிர்ந்த நோயுற்ற எலிகள். ஓட்டை விழுந்த குடத்தை அடைத்தால் நீர் நிற்கும். தேய்ந்து மெலிந்த குடத்துக்கு அதே வைத்தியம் பலிக்குமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, ஆய்வுக்கூடத்து எலி ஒரே மரபில் வந்தது. ஒரே தீனி தின்றது. நோய்க்கிருமி அண்டாத கூண்டில் வாழ்ந்தது. அதன் முழு ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள். நம் முதியோரோ ஐம்பது ஆண்டுகள் வெயிலிலும் சேற்றிலும் உழைத்தவர்கள். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உடையவர்கள். எலிக்கு ஓராண்டில் தோன்றாத புற்றுநோய் மனிதனுக்குப் பத்தாண்டில் தோன்றலாம். அதைப் பார்க்கப் பத்தாண்டு பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, ஆயுள் நீளுதல் வேறு, தளர்ச்சி குறைதல் வேறு. குரங்கு ஆய்வு ஆயுள் நீண்டதாகச் சொல்லவில்லை. 44 வாரத்தில் அதைச் சொல்லவும் முடியாது. நாளேடுகளின் தலைப்பில் மட்டும் ‘சாகாவரம்’ வந்துவிடுகிறது.

வலை விரிப்போர்

இத்தலைப்புகளை நம்பி ஏமாறுபவர் யார்? படித்தவர் மட்டுமல்லர். எங்கள் தெருவில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் மூட்டை சுமந்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குருத்தணு ஊசி போட்டால் முழங்கால் இளமைக்குத் திரும்பும் என்ற துண்டு அறிக்கையைக் கண்டு, வெளியூரில் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனார். பெரியம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டார். அவர்கள் தந்த ரசீதில் ‘செயல்முறைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. எந்த அணு, எங்கிருந்து எடுத்தது, எத்தனை என்று ஒரு சொல்லும் இல்லை. முழங்கால் பழையபடியே இருக்கிறது. சங்கிலிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஊசி மனிதருக்குப் பயன்படும் என்று இன்னும் நிறுவப்படவில்லை என நான் அவரிடம் விளக்கியபோது அவர் கேட்டார்: "ஏன் தம்பி, எலிக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேக்காதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். எலிக்குக் கேட்ட மருந்து மனிதனுக்கும் கேட்கலாம். கேட்கும் என்று காட்டும்வரை அது மருந்தாகாது. அதுவரை அதற்குப் பெயர் ஆய்வு. ஆய்வுக்கு உடம்பைக் கொடுப்பவரிடம் பணம் வாங்குவது முறையாகாது. உடம்பைக் கொடுப்பதே அவர் செய்யும் உதவி. உதவி செய்தவரிடமே கூலி கேட்பது எந்த ஊர் நியாயம்?

பணம் மட்டும் போனால் தாழ்வில்லை எனலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். வயதினால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கிய மூன்று பெண்மணிகள், 72 முதல் 88 வயது வரை உள்ளவர்கள், ஒரு நிலையத்தில் தலைக்கு 5,000 டாலர் கட்டினர். அவர்களது கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசி போட்டனர். ஓரளவு தெரிந்துகொண்டிருந்த பார்வையும் பறிபோயிற்று. 2017இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் இது பதிவாகியிருக்கிறது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை என்றால், பதிவேடும் பட்டியலும் இல்லாமல் நடக்கும் இடங்களில் எத்தனை கண்கள், எத்தனை கால்கள் கணக்கில் வராமல் போகும்?

நம் நாட்டில் நெறிமுறை இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே பேசுகின்றன. இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்குச் செய்யப்படும் இரத்தக் குருத்தணு மாற்றமே ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவற்றை முறையான அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். சிகிச்சை என்று விற்கலாகாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏட்டை எங்கள் தெருவுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட ஆளில்லை என்பதுதான் குறை.

ஆகவே நம் வீட்டுப் பெரியவர் யாராவது இத்தகைய ஊசிக்குப் புறப்பட்டால் நாம் கேட்கச் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று. இது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவான ஆய்வா, பதிவு எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு இதற்கு ஒப்புதல் தந்தது? ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? இம்மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவதே அறிவுடைமை.

நேர்வழியில் வந்த வெற்றிகள்

குருத்தணு மருத்துவமே பொய் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. நேர்வழியில் நடந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். டில்லும் மெக்கலக்கும் எலியில் கண்ட அந்த மச்சைக் குருத்தணுவே இன்று இரத்தப் புற்றுநோயாளிகளையும் தாலசீமியாக் குழந்தைகளையும் காப்பாற்றுகிறது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் எலும்பு மச்சை மாற்றம் தொடங்கிற்று. நம் கோரிமேட்டு ஜிப்மரிலும் இச்சிகிச்சை உண்டு. வேலூரில் அமைந்த குருத்தணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு, ஹீமோஃபீலியா என்னும் இரத்தம் உறையாத நோயுடைய ஐவருக்கு, அவர்களுடைய குருத்தணுவிலேயே குறைபட்ட மரபணுவுக்கு மாற்று வைத்துத் திரும்பச் செலுத்தினர். அதன் பிறகு அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று.

ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தைப் பாருங்கள். சுண்ணாம்போ அமிலமோ கண்ணில் பட்டால் கருவிழியின் ஓரத்திலுள்ள குருத்தணுக்கள் அழிந்து பார்வை மறைந்துவிடும். நல்ல கண்ணிலிருந்து கடுகளவு திசுவை எடுத்து, அதிலுள்ள குருத்தணுவைப் பெருக்கி, கெட்ட கண்ணில் பதிக்கும் முறையை அங்கே 2001 முதல் செய்து வந்தனர். ஆய்வுக்கூட வளர்ப்பே தேவையின்றி அறுவை அறையிலேயே செய்யக்கூடிய எளிய முறையை 2012இல் வெளியிட்டனர். செலவு குறைந்தது, சிறிய ஊர்களிலும் செய்ய வழி பிறந்தது.

இவ்வெற்றிகளுக்குள் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எந்த அணு குறைந்தது என்பது தெரியும்; அந்த அணுவையே கொடுத்தார்கள்; பயன் கிட்டியதா என்பதை எண்ணிப் பார்க்க முடிந்தது; எண்ணியதை எல்லோரும் பார்க்க அச்சிட்டார்கள். முழங்காலுக்கும் மூளைக்கும் இளமைக்கும் ஒரே ஊசி என்று விற்பவனிடம் இந்நான்கில் ஒன்றும் இல்லை.

மறுப்போர்க்கு விடை

முதுமை இயற்கை, அதைத் தடுக்க நினைப்பது தகாது என்று சில பெரியோர் கூறுவர். பெரியம்மையும் இயற்கையாக வந்ததே. அது ஒழிந்ததற்காக இன்று யாரும் வருந்தவில்லை. இந்தியா விடுதலை பெற்றபோது நம் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. ஆயுளைக் கூட்டிய நாம், கூடிய ஆண்டுகளைப் படுக்கையில் கழிக்கும்படி விட்டுவிடுவது எவ்வகையில் அறம்? சாவைத் தள்ளிப்போடுவது என் நோக்கமன்று. எண்பது வயதில் தானே எழுந்து, தானே கிணற்றடிக்கு நடந்து, தானே உண்ணும் திறன் ஒருவர்க்கு இருக்க வேண்டும். ஆராய்ச்சியிடம் நாம் கேட்க வேண்டியது அதுதான்.

ஏழை நாட்டுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போரும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அறுபது வயது கடந்தோர் நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் அதிகம். இன்று அவ்வெண்ணிக்கை இன்னும் பெருகியிருக்கிறது. உடம்பை முதலாக வைத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு முழங்கால் தேய்வது, வியாபாரிக்குக் கடை எரிவதற்கு ஒப்பாகும். முதுமைத் தளர்ச்சியைப் பணக்காரனின் கவலை என்று நினைப்பவர், நடவு வயலில் வளைந்த முதுகுகளைப் பார்க்காதவர்.

விலங்குகளை இப்படி வதைக்கலாமா என்ற கேள்வி இவை எல்லாவற்றினும் கடினமானது. பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் விதித்த தடைக்குப் பின் வந்தவர்கள் நாம். நம் முன்னோர் தவளையை அறுத்துப் படித்த மேசையில் நாம் படத்தையும் மாதிரியையும் வைத்துப் படிக்கிறோம். அது நல்லதே. ஆயினும் தைத்துப் பிணைத்த எலிகளும் ஊசி ஏற்ற குரங்குகளும் நமக்காகத் துன்பப்பட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தவிர்க்க முடிந்த ஆய்வைத் தவிர்ப்பதும், வலியைக் குறைப்பதும் ஆய்வாளன் கடன். அவ்வுயிர்கள் தந்த விடையைத் திரிக்காமல் கூறுவது நம் எல்லோருடைய கடன். எலியின் பெயரைச் சொல்லி ஏழையை ஏமாற்றுபவன் இரண்டு உயிர்களுக்குத் துரோகம் செய்கிறான்.

கனி யாருக்கு?

இனி முதற்கேள்விக்கு வருவோம். இன்னும் இருபதோ முப்பதோ ஆண்டுகளில் இவ்வாராய்ச்சி கனிந்து, தளர்ச்சியைத் தணிக்கும் மெய்யான மருந்து ஒன்று கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். அது யார் கைக்குப் போகும்? விலைக்கு வாங்கக்கூடியவர் கைக்கு மட்டும் போனால், செல்வன் நூறாண்டு இளைஞனாக இருப்பான். கூலியாள் ஐம்பதிலேயே கிழவனாவான். யயாதியின் பேரம் ஒரு வீட்டுக்குள் நடந்தது. அது நாடு முழுதும் நடக்கும்.

வேறு வழியும் உண்டு என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாகூர் செல்லும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்புரை முதுமையால் வருவதுதான். அதை நீக்கும் அறுவையைக் கட்டணமின்றியோ சிறு கட்டணத்திலோ செய்துகொண்டு, மறுநாள் பேரன் முகத்தைத் தெளிவாகப் பார்த்த கிழவிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஒரு காலத்தில் செல்வர்க்கே எட்டிய சிகிச்சை இன்று கூலிக்காரர்க்கும் எட்டுகிறது. குருத்தணு மருத்துவமும் அவ்வழியே வர வேண்டுமானால், ஆராய்ச்சி அரசின் பொறுப்பிலும் பொது நிறுவனங்களிலும் வளர வேண்டும். மக்கள் வரியில் பிறந்த மருந்து மக்களுக்கு எட்டும் விலையில் வர வேண்டும் என்ற விதியை இப்போதே எழுதிவைக்க வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே முறை.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. என் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். நம்மில் பலரும் அப்படியே. ஆய்வுச் செய்திகள் ஆங்கிலத்தில் வருகின்றன. துண்டு அறிக்கைகளோ நல்ல தமிழில் வருகின்றன. பொய் தாய்மொழியில் பேசும்போது மெய் அயல்மொழியில் முடங்கிக் கிடந்தால், வெல்வது எது என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நம் விலங்கியல் துறையினர் ஆண்டுக்கு ஒரு நாளேனும் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குச் சென்று, முதியோர் நடுவில் அமர்ந்து, இச்செய்திகளைத் தமிழில் விளக்க வேண்டும் என்று நம் பேராசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன். குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு நம்மை அழைத்துச் சென்று, நாயும் பசுவும் எவ்வாறு முதுமை அடைகின்றன என்பதைக் காட்டினால், எலியும் குரங்கும் மட்டுமே நம் ஆசிரியர் என்ற எண்ணமும் மாறும்.

அதுவரையில் நம் வீட்டு முதியோர்க்கு விஞ்ஞானம் ஐயமின்றிப் பரிந்துரைப்பவை எளியவை: அன்றாடம் சிறிது நடை, புரதம் உள்ள உணவு, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் தவறாத மருந்து, கண்புரைக்கு அறுவை, பேச்சுக்கு ஓர் ஆள். இவற்றில் எதற்கும் சங்கிலி அடகுக்குப் போக வேண்டியதில்லை. கடைசியாகச் சொன்னது நாமே கொடுக்கக்கூடியது.

ஆராய்ச்சி தன் வேகத்தில் நடக்கட்டும்; அதன் மெய்யை நாம் நம் மொழியில் காப்போம். கனி பழுத்து வரும் நாளில் அது முதலில் பெரியப்பாக்களின் கைக்குப் போகும்படி இன்றே குரல் கொடுப்போம்.